ஏணி போன வெள்ளிக்கிழமை

காத்தான்குடியில் ஒரு பெண் பிள்ளை பிறந்தால் அன்றைக்கே தகப்பன்மார் செங்கல் விலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். மகளுக்கென்று ஒரு வீடு இல்லாமல் கலியாணம் பேச முடியாது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். வந்தவருக்கு ஒரு கூரை வேண்டாமா? இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு, நாலு மகள் என்றால் நாலு. ஊரோ ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவில் நெருக்கிக்கொண்டு கிடக்கிறது. பக்கவாட்டில் போக வழியில்லாததால் வீடுகள் மேலே போகத் தொடங்கின. நாட்டில் சண்டை முடிந்து, பெரிய வீதி அகலமாகி, நடுவில் பேரீச்சை மரங்கள் நட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடிக் கடைகள் எழும்பிய காலத்தில் சின்னச் சின்ன ஒழுங்கைகளுக்குள்ளும் அந்தக் காய்ச்சல் பரவிற்று. எங்கே பார்த்தாலும் மணல் குவியல், கம்பிக் கட்டு, சீமெந்துப் பை. "நேத்து இருந்த வானம் இண்டைக்கு இல்ல" என்பாள் ஸஹீதா. அதில் பாதி முறைப்பாடு, பாதி பெருமை.

பெருமைக்குக் காரணம் இருந்தது. அவளுடைய வளவிலும் ஒரு மாடி எழும்பிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டை மூத்தவள் ஸகியாவுக்குக் கலியாணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸஹீதாவும் புருஷன் ஹலீமும் இளையவள் ஸுஹைனாவைக் கூட்டிக்கொண்டு பின்பக்கத்துக் குசினிக்கு மாறியிருந்தார்கள். குசினி என்றாலும் ஒரு அறை ஒட்டுப்போட்ட குசினி. மாடி முடிந்தால் அது ஸுஹைனாவுக்கு. சின்ன மகளோடு உம்மாவும் வாப்பாவும் மேலே ஒரு மூலையில் இருந்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு.

ஹலீம் கட்டாரில் பல வருஷம் மாடி மாடியாகக் கொங்கிறீட் ஊற்றியவர். ஊருக்கு வந்த பிறகும் யார் வீட்டில் மாடித் தளத்துக்குப் பிளேட் அடித்தாலும் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பார். நகரசபை ஒழுங்கைக்குக் கொங்கிறீட் போட்டு வடிகான் கட்ட வந்து, எல்லாரும் முன்பக்கத்தில் கொஞ்சம் விட்டுத் தர வேண்டும் என்று கேட்டபோது, முதல் ஆளாகக் கையை உயர்த்தியவரும் அவர்தான். "ஊர் முன்னேற வேணாமா? ஒழுங்கை எண்டா ஒரு லொறி வரோணும், ஒரு அம்புலன்ஸ் வரோணும்!" என்று கூட்டத்தில் எழும்பி நின்று பேசி, மற்றவர்களையும் வெட்கப்படுத்திக் கொடுக்க வைத்தார். மதில் உடைந்தது. வடிகான் வந்தது. லொறியும் வந்தது, அவருடைய மாடிக்கே கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு.

மாடிக்குப் படி வைக்கவென்று விட்டு வைத்திருந்த இடம் அந்த முன்பக்கம்தான் என்பது அவருக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

ஞாபகம் வந்தபோது பிளேட் காய்ந்து, சுவர் எழும்பி, யன்னலும் வைத்தாகிவிட்டது. "படிதானே, மறுகா பாப்பம்" என்றார். மூங்கில் ஏணியில் வேலை நடந்தது. ஏணியிலேயே தரைக்குப் பதிக்கிற ஓடு போயிற்று, தண்ணீர்த் தாங்கி போயிற்று, ஸுஹைனா தைத்த பூப்போட்ட திரைச்சீலை போயிற்று. கட்டிலைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். கட்டாரில் இருபது மாடிக்கு மேல் படி கட்டியவர் தன் மகளுக்குப் படியில்லாத வீடு கட்டி முடித்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனைக்குச் சறுக்க ஒரு படியும் இல்லை.

ஸுஹைனாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா ஆயிஷா உம்மா வீடு பார்க்க வந்த அன்றுதான் சங்கதி சந்திக்கு வந்தது.

ஆயிஷா உம்மா ஏறாவூர்க்காரி. நல்ல பாரமான மனுசி, நல்ல மனுசியும்கூட. தங்கச்சிமார் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். வட்டிலப்பம் தின்றாள், மெச்சினாள், இன்னொரு துண்டு வாங்கினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

"சரி மதினி, வீட்டைப் பாப்பமா?"

ஸஹீதா வெளியே கூட்டிக்கொண்டு போய் மேலே காட்டினாள். ஆயிஷா உம்மா மேலே பார்த்தாள். பச்சை வண்ணம், வெள்ளை யன்னல், காற்றில் ஆடும் பூப்போட்ட திரைச்சீலை. முகம் மலர்ந்தது. பிறகு வீட்டின் ஒரு பக்கம் போனாள், மறுபக்கம் வந்தாள், கடைசியில் சுவரில் சாய்ந்து நின்ற மூங்கில் ஏணிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வழி எங்க மதினி?"

"இப்போதைக்கு... இதுதான்."

"என்ட மகன் மாப்பிள்ளையா வாறானா, தென்னையில ஏறித் தேங்காய் புடுங்க வாறானா?"

சொல்லிவிட்டு அவளே முதலில் சிரித்தாள். தங்கச்சிமாரும் சிரித்தார்கள். ஸகியா சிரித்தாள், ஹலீமும் பேருக்குச் சிரித்தார். ஸஹீதா மட்டும் சிரிக்கவில்லை.

ஆட்டோவில் ஏறும்போது ஆயிஷா உம்மா அவளுடைய கையைப் பிடித்தாள். "கோவிக்காதிங்க மதினி. புள்ள தங்கமான புள்ள, எங்களுக்குப் பிடிச்சிரிக்கி. வீடும் வடிவாத்தான் இரிக்கி. ஆனா வழியில்லாத வீட்டுக்கு நான் என்னெண்டு மகனை அனுப்புற? படி வரட்டும். மறுகா நாள் குறிப்பம்."

நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் ஸஹீதாவுக்கு ஆத்திரம். ஸுஹைனா வட்டிலப்பக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்; கழுவியதைத் திரும்பவும் கழுவினாள். அந்தப் பொடியனை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது ஸஹீதாவுக்குத் தெரியும். உம்மாமாருக்கு இதெல்லாம் சொல்லியா தெரிய வேண்டும்?

மேசன் சீனித்தம்பியைக் கூப்பிட்டு வைத்து ஆலோசனை நடந்தது. சீனித்தம்பி வாவிக்கு அங்கால் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை ஆள். சண்டைக் காலத்தில் இந்தப் பக்கம் தலை காட்ட முடியாமல் இருந்து, இப்போது தினமும் மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகு ஏறி வந்து, ஒரே ஒழுங்கையில் ஐந்து வீட்டு வேலை பிடித்திருந்தான். மேசனும் ஒருவன், ஏணியும் ஒன்று. ஒழுங்கையில் அதிகமாகத் தேடப்படும் ஆள் அந்த ஏணிதான்.

முன்பக்கம் வடிகான். அதைத் தொட முடியாது. பின்பக்கத்துக் குசினியை உடைக்கலாம் என்று ஸஹீதாவே சொன்னாள். ஆனால் அதற்கடியில்தான் கக்கூசுக் குழி. அதன் மேல் படியின் பாரத்தை வைத்தால் ஒரு நாள் படியோடு மாப்பிள்ளையும் உள்ளே போவார் என்றான் சீனித்தம்பி. மிச்சம் வீட்டுக்குள்ளே, ஸகியாவின் முன்மண்டபத்தால் படியைக் கொண்டுபோவது.

ஸகியாவின் புருஷன் றமீஸ் நல்ல பிள்ளை. மாமி முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னார்: "மாமி, நான் மாட்டன் எண்டு சொல்லல்ல. ஆனா ஸுஹைனாட மாப்பிள்ளை போகவர எங்கட மண்டபத்தாலதானே போகோணும்? ஸகியா சொந்த வீட்டுக்குள்ள விடிஞ்சதில இருந்து படுக்கும் மட்டும் முக்காடு போட்டுக்கொண்டா இருக்குற?"

மிஞ்சியிருந்தது ஒரே ஒரு பக்கம். எல்லாருடைய கண்ணும் ஒரு தடவை அந்தப் பக்கம் போய், சுட்ட கை மாதிரித் திரும்பி வந்தது. அங்கே ஒரு மதில் நின்றது.

மதிலுக்கு அங்கால் இருப்பது ஸஹீதாவின் கூடப்பிறந்த ராத்தா, ஆமினா உம்மா. இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

ஆமினா கலியாணம் முடித்தபோது அவளுக்கு உம்மா கொடுத்த வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. சின்னவள் ஸஹீதாவுக்கு இந்தப் பெரிய வளவு. சுனாமி வந்து ஆமினாவின் வீட்டை அத்திவாரத்தோடு கொண்டுபோயிற்று. ஆண்டவன் புண்ணியத்தில் ஆட்கள் தப்பினார்கள். உம்மா அப்போது உயிரோடு இருந்தாள். வளவைப் பாதியாகப் பிரித்து ராத்தாவுக்குக் கொடு என்றாள். ஸஹீதா மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். சந்தோஷமாகத்தான் கொடுத்தாள். பாதி வளவைக் கொடுத்தவள் ஒரு சாண் நிலத்துக்குச் சண்டை பிடித்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது. ஆமினாவின் புருஷன் அசனார் மதில் கட்டக் கயிறு பிடித்தபோது, கயிறு ஒரு சாண் இந்தப் பக்கம் வந்திருக்கிறது என்றாள் ஸஹீதா. "கடல் முழு வீட்டையும் கொண்டு போச்சு, உனக்கு ஒரு சாண் பெரிசாப் போச்சா?" என்றாள் ஆமினா. "கடல் கொண்டு போனதுக்கு நானா பிணை?" என்றாள் ஸஹீதா. அவ்வளவுதான். கயிறு பிடித்த இடத்திலேயே மதில் எழும்பிற்று, பேச்சு நின்றது.

பேச்சுத்தான் நின்றது, சாப்பாடு நிற்கவில்லை. அது ஒரு வேடிக்கையான கதை. உம்மா மௌத்தாகி நாற்பதாம் நாள் கத்தத்துக்கு ஆக்கிய சோற்றில் ஒரு கோப்பையை ஆமினா மதிலின் மேல் வைத்து, அகப்பையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். உம்மாவின் பேரில் வந்த சோற்றை எடுக்காமல் இருக்கலாமா? ஸஹீதா எடுத்தாள். வந்த கோப்பையை வெறுமையாகத் திருப்பி அனுப்புகிற வழக்கம் இந்த ஊரில் கிடையாது. அதனால் அடுத்த நாள் இறால் பொரித்து அதில் போட்டு மதிலில் வைத்துத் தட்டினாள். ஆமினாவும் அதே ஊர்க்காரிதானே? அவளும் வெறுமையாக அனுப்பவில்லை. இப்படியே வருஷக்கணக்காக ஒரே கோப்பை மதிலுக்கு மேலால் போய் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரில் ஒருத்தி ஒரு தடவை வெறும் கோப்பையை வைத்தால் போதும், பகை ஒழுங்காக முடிந்திருக்கும். அந்த மரியாதைக்குறைவைச் செய்ய இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை.

ஆயிஷா உம்மா வந்து போன அடுத்த வெள்ளிக்கிழமை. ஸுஹைனா பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கப் போயிருந்தாள். ஸகியா பிள்ளைகளோடு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தாள். ஆண்கள் ஜும்ஆவுக்குக் குளித்து அத்தர் பூசிப் போய்விட்டார்கள். ஸஹீதா அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வெளியே வந்தாள். சீனித்தம்பி ஏணியை மதிலுக்கு அங்காலிருந்து தூக்கி இந்தப் பக்கம் இறக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தான். ஆமினா வீட்டிலும் மாடி வேலை. அங்கேயும் அவன்தான் மேசன்.

ஸஹீதா ஏணியைப் பார்த்தாள். இந்த ஏணியால்தானே ஊர் சிரித்தது? அப்படி என்னதான் கட்டிவைத்திருக்கிறார் இந்த மனுசன், அதையாவது ஒரு தடவை பார்ப்போம் என்று அவளுக்கு ஒரு ஆவேசம் வந்தது. உயரம் என்றால் பயந்தவள். இதுவரை மேலே போனதே இல்லை. சீனித்தம்பி மணல் அரிக்கிற வலையை எடுக்க அங்கால் திரும்பிய நேரம், சீலையைச் செருகிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி, கண்ணை மூடித் திறந்து மூடி ஏறியேவிட்டாள்.

வீடு நல்ல வடிவாகத்தான் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அறைக்கு அறை போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தாள். பிறகு வெளி மாடத்துக்கு வந்து நின்றாள். ஒரு பக்கம் வாவி, தோணிகள், அங்கால் படுவான்கரைப் பச்சை. மறுபக்கம் திரும்பினாள், கடல். கீழே மதில்களுக்கும் கூரைகளுக்கும் நடுவில் இருக்கிறபோது கடல் எங்கோ தூரத்தில் இருக்கிற மாதிரித்தான் தெரியும். இங்கிருந்து பார்த்தால் கை நீட்டினால் படும்போல இருந்தது. ராத்தாவின் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது அடம்பன் கொடி படர்ந்து கிடந்தது.

திரும்பி ஏணியைப் பார்த்தாள். ஏணி இல்லை.

எட்டிப் பார்த்தாள். ஒழுங்கை முனையில் சீனித்தம்பி ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வளைவால் திரும்பிக்கொண்டிருந்தான். யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், கொண்டு போகிறான். "சீனித்தம்பி! டேய் தம்பி! ஏணி!" என்று கத்தினாள். அதே நேரம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பா தொடங்கியது. அவளுடைய சத்தம் அவளுக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் இருமல் சத்தம் ஒன்று கேட்டது. மதிலுக்கு அங்கால், அதே உயரத்தில், சுவர் கட்டாத வெறும் பிளேட்டில், செத்தல் மிளகாய் பரப்பிய பாய்க்குப் பக்கத்தில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆமினா உம்மா குந்திக்கொண்டிருந்தாள். ஏணி அந்தப் பக்கம் நின்றபோது மிளகாய் காய வைக்க ஏறியவள். இறங்குவதற்கு முன்னால் சீனித்தம்பி ஏணியை இந்தப் பக்கம் மாற்றிவிட்டான். ஸஹீதாவுக்கு முன்னாலேயே மாட்டிக்கொண்டவள் அவள்தான். வீட்டில் வேறு ஆளில்லை. மாட்டிக்கொண்டும் தங்கச்சியின் வளவில் நிற்கிற மேசனைக் கூப்பிட மனம் வராமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உடனே இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

குத்பா நடந்துகொண்டிருந்தது. வெயில் ஏறியது. ஆமினாவின் வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் ஒரு காகம் வந்து குந்தியது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு மணம் மெல்ல மேலே வந்தது.

"காக்கா," என்றாள் ஆமினா, காகத்தைப் பார்த்து, "ஆருட வீட்டிலயோ சோறு கரியுது."

ஸஹீதாவும் காகத்தைப் பார்த்தாள். "காக்கா, கரியிறது தெரியுது. இறங்கிப் போக ஏணியில்லாட்டி என்ன செய்யிற?"

"காக்கா, ஏணியில்லாத வீட்டில அடுப்பை எரிய விட்டுட்டு ஏறுறவளுக்கு மூளையும் இல்ல எண்டு சொல்லு."

"காக்கா, முதல் ஏறி மாட்டினவளுக்கு எவ்வளவு மூளை எண்டும் கேளு."

இரண்டு பக்கத்துக்கும் தூது போகிற வேலை காகத்துக்கு அலுத்துவிட்டது போலும். இறக்கையை அடித்துக்கொண்டு வாவிப் பக்கம் பறந்துபோயிற்று. இருவருக்கும் நடுவில் இப்போது பேசிக்கொள்ள ஆளில்லை.

ஸஹீதா உள்ளே போய் யன்னலோரம் நின்றாள். நிற்க முடியவில்லை, திரும்பவும் வந்தாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். ஆமினா குந்தியிருந்தது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தண்ணீர்த் தாங்கியின் நிழல் அங்கால் பக்கம் விழுந்திருந்தும், அதற்குப் போனால் கடலைப் பார்த்து இருக்க வேண்டும் என்று, வெயிலுக்குள்ளேயே இருந்தாள். முகம் சிவந்து வேர்த்து வழிந்தது. 'கடல் கொண்டு போனதுக்கு நானா பிணை' என்று தான் கேட்டது ஸஹீதாவுக்கு ஞாபகம் வந்தது. கேட்ட வாய் தன்னுடைய வாய்தான். அதற்கு என்ன சொல்வது என்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ராத்தா, நேத்து அனுப்பின சுறா வறையில உப்புக் கூட."

ஆமினா திரும்பினாள். "புதன்கிழமை நீ அனுப்பின ஓரா மீன் ஆணத்தில புளி இல்ல. நான் ஏதும் சொன்னனா?"

"சொல்ல வாய் எங்க இருந்திச்சி? அதையும் மதிலுக்குள்ள வெச்சுத்தானே கட்டின."

"ஏன், உன்ட வாய் கடலிலயா போச்சு?"

சொன்ன பிறகுதான் ஆமினாவுக்கே அது எங்கே போய் இடித்தது என்று தெரிந்தது. பிறகு ஆமினாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. ஸஹீதா பயந்துபோனாள், ராத்தா அழுகிறாள் என்று. ஆமினா சிரித்துக்கொண்டிருந்தாள். "வாய் போனா நல்லம்தான் ஸஹீதா, உன்ட வாய் போயிருந்தா கடலுக்குத்தான் கஷ்டம்!"

அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னார்கள் என்று வரிசையாகச் சொல்ல முடியாது. ஏழு வருஷத்துக் கறிகளின் குறை நிறையெல்லாம் பிளேட்டுக்குப் பிளேட் பறந்தது. ஆயிஷா உம்மா வந்ததும் தென்னைமரக் கதை சொன்னதும் மதிலுக்கு அங்கால் அன்றைக்கே கேட்டுவிட்டதாம். "எனக்குச் சிரிப்புத்தான் வந்திச்சி. மறுகா நினைச்சன், நாளைக்கு என்ட இளையவளைப் பாக்க வாறவளும் இதைத்தானே கேப்பாள் எண்டு."

"ஏன், உனக்குப் படி எங்க வருது ராத்தா?"

ஆமினா பாயில் கிடந்த மிளகாயைக் கிளறினாள்.

"ராத்தா?"

"முன்னுக்கு விட்டிருந்தம். உன்ட புருஷன் கூட்டத்தில எழும்பி நிண்டு, ஊர் முன்னேறோணும் எண்டு பேசினாரே. அதைக் கேட்டு எங்கட ஆளும் வெக்கத்தில கையைத் தூக்கிட்டார்."

ஸஹீதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்து ஓய்ந்தபோது இரண்டு பேருமே கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து. மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் போகிற இடம், அந்தப் பக்கம் ஒரு ஆள் போகிற இடம். தனித்தனியாக எடுத்தால் ஒன்றுக்கும் உதவாது.

"மதில் இல்லாட்டி ஒரு படி வரும்," என்றாள் ஸஹீதா மெதுவாக.

"வரும். மேல வந்து இஞ்சால ஒரு வாசல், அங்கால ஒரு வாசல்." ஆமினா கொஞ்சம் நிறுத்தினாள். "உன்ட ஒரு சாணும் அதுக்குள்ளதான் கிடக்கு."

"அது படிக்குப் போகட்டும் ராத்தா."

ஜும்ஆ முடிந்து ஹலீம் ஒழுங்கைக்குள் வந்தபோது கூட வந்தவர் அசனார். இரண்டு பேரும் ஒரு குடைக்குள், தோளோடு தோள் உரச வந்துகொண்டிருந்தார்கள். ஏழு வருஷமும் அவர்கள் அப்படித்தான். சந்தியில் ஒன்றாகத் தேநீர் குடித்து, ஒழுங்கை வளைவு வந்ததும் பிரிந்து, தெரியாதவர்கள் மாதிரி நடப்பார்கள். பெண்சாதிமாருக்குப் பயம். அன்றைக்கு மேலே இரண்டு மாடியிலும் இரண்டு பெண்சாதிமாரும் நிற்பதைக் கண்டு, குடையை ஹலீமின் தலையிலேயே விட்டுவிட்டு அசனார் நாலடி அங்கால் துள்ளினார்.

"காணும், காணும், நடிச்சது!" என்று மேலேயிருந்து ஆமினா கத்தினாள். "ஏணியைக் கொண்டாங்க!"

சீனித்தம்பி ஏணியோடு ஓடிவந்தான். "ஐயோ, உம்மா, கீழ இருக்கிறீங்க எண்டெல்லோ நினைச்சன்! எந்தப் பக்கம் முதல் வைக்க?"

"ராத்தா வெயிலுக்குள்ள இருந்தவ. அவ முதல் இறங்கட்டும்," என்றாள் ஸஹீதா.

"அவள்ட சோறு கரியுது. அவள் முதல் இறங்கட்டும்," என்றாள் ஆமினா.

"நான் சொல்லுறனே, ராத்தாக்கு வை!"

"சின்னவள் நீ, சொன்னாக் கேளு!"

சீனித்தம்பி ஏணியைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு நேரே நடுவில் நின்றான். சோறு எப்போதோ கரிந்து முடிந்திருந்தது.

மதிலை உடைக்க ஒரு நாள் போதுமாக இருந்தது. உடைத்தபோது அசனார் நாடாவைக் கொண்டுவந்து பழைய அளவைப் பார்த்தார். கயிறு ஒரு சாண் தப்பாகத்தான் போயிருந்தது. அதை அவர் ஹலீமிடம் மட்டும் காதுக்குள் சொன்னார். "இப்ப வாயைத் திறக்காதிங்க மச்சான்" என்றார் ஹலீம். படி எழும்பியது. நடுவில் திரும்பி மூச்சு விட ஒரு தட்டு, அதற்கு மேலே போனால் வலது பக்கம் ஸுஹைனாவின் வாசல், இடது பக்கம் ஆமினாவின் இளையவளுக்கு வரப்போகும் வாசல்.

ஆயிஷா உம்மா திரும்பவும் வந்தாள். படியைக் கண்டு மாஷா அல்லாஹ் என்றாள். ஒரு படி ஏறிக் கைபிடியை ஆட்டிப் பார்த்தாள், ஆடவில்லை. மேலே பார்த்தாள், இரண்டு வாசல். முகத்தில் ஒரு யோசனை வந்தது. மாப்பிள்ளைக்கு வீடு கேட்கிற ஊரில் பிறந்தவள், சும்மா விடுவாளா?

"மதினி, ஒண்டு கேக்கன், பிழையா எடுக்காதிங்க. இந்தப் படி ஆருட வளவில நிக்கிது?"

அங்கே நின்ற எல்லாருக்கும் அந்தக் கேள்வி விளங்கியது. நாளைக்கு அக்கா தங்கச்சிக்குள் ஒரு கோபம் வந்தால், ஒரு பக்கத்தார் படியை மறித்தால், மாப்பிள்ளை திரும்பவும் தென்னைமரம்தான். இந்த இரண்டு பேருடைய ஏழு வருஷக் கதை ஏறாவூர் வரைக்கும் போகாமலா இருந்திருக்கும்? ஹலீம் அசனாரைப் பார்த்தார். அசனார் நாடாவைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார். ஸஹீதா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். என் வளவில் என்றால் ராத்தாவுக்கு வலிக்கும். ராத்தாவின் வளவில் என்றால் கலியாணம் நிற்கும். மேலே யன்னலில் பூப்போட்ட திரைச்சீலைக்குப் பின்னால் ஸுஹைனா நிற்கிறாள் என்பது திரையின் அசைவிலேயே தெரிந்தது.

தட்டில் குந்தியிருந்த ஆமினா உம்மா எழும்பினாள். இரண்டு படி இறங்கி வந்தாள்.

"எங்கட உம்மாட வளவில நிக்கிது," என்றாள். "இதை மறிக்க எங்க ரெண்டு பேருக்கும் உரிமையில்ல. ஏறுங்க மதினி."

ஆயிஷா உம்மா அவளையும் பார்த்தாள், ஸஹீதாவையும் பார்த்தாள். பிறகு சீலையைத் தூக்கிக்கொண்டு, தங்கச்சிமார் பின்னால் வர, மூச்சு வாங்கி வாங்கி ஏறத் தொடங்கினாள். தட்டுக்கு வந்ததும் நின்று, கைபிடியில் சாய்ந்துகொண்டு, "கலியாணத்தை ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்ச கையோட வெப்பம், என்ன?" என்றாள். மேலே திரைச்சீலை ஒரு தடவை பலமாக ஆடியது.

ஸஹீதா குசினிக்குள் ஓடினாள். சட்டியில் மிச்சமிருந்த இறால் பொரியலை அந்தப் பழைய கோப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள். வழக்கப்படி கை மதிலின் உயரத்துக்குப் போயிற்று. அங்கே மதில் இல்லை. அப்படியே ராத்தாவின் கையில் கொடுத்தாள். கொடுத்த கையை எடுக்க முடியாமல் அப்படியே நின்றாள். கண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது.

ஆமினா ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டாள்.

"அழாதடி," என்றாள். "இண்டைக்கு உப்புச் சரியான கணக்குத்தான்."